எரிமலை மண்ணில் அலோஃபேனை அளக்க எந்த முறை?

எரிமலைச் சாம்பல் மண்ணை எக்ஸ்.ஆர்.டி. கருவியில் (எக்ஸ்ரே சிதறலால் படிகங்களை அடையாளம் காட்டும் கருவி) வைக்கிறீர்கள். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் கிறிஸ்டோபலைட் தெரிகிறது. களிமண் கனிமம் எதுவும் கண்ணில் படவில்லை. களியே இல்லாத மண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. மண்ணின் எடையில் பத்து, இருபது சதவீதம் களிமண் கனிமம் இருந்தும் படத்தில் ஒரு கூர்முனைகூட எழாமல் போகலாம். நியூசிலாந்தின் தாரனாகி மண்ணிலும் ஜப்பானின் குரோபொக்கு மண்ணிலும் இது அன்றாடம் நடப்பது.

இப்படி மறைந்து நிற்கும் களிமண் கனிமம்தான் அலோஃபேன். அப்படியானால் அதை எந்த முறையில் அளப்பது? சோடியம் ஃப்ளோரைடு சோதனை, ஆக்சலேட் கரைத்தெடுப்பு, எக்ஸ்.ஆர்.டி., அகச்சிவப்பு நிறமாலை, எலக்ட்ரான் நுண்ணோக்கி என ஐந்து வழிகள் இருக்கின்றன. கைச்செலவும் கால அவகாசமும் எல்லாவற்றையும் செய்ய இடம் தராது. ஒன்றிரண்டைத்தான் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

## அளக்கப்போவது என்ன

எரிமலைக் கண்ணாடி வேகமாகக் கரையும். வெளிவரும் அலுமினியமும் சிலிக்காவும் ஒழுங்கான படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசம் இல்லாமல் சேர்ந்துகொள்கின்றன. அப்படி உருவாவது அலோஃபேன்: 3.5 முதல் 5 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற உருண்டைகள், சுவரில் நுண்துளைகள். அதன் உறவினர் இமோகோலைட், 2 நானோமீட்டர் தடிமனுள்ள நீண்ட குழல். ஜப்பானின் கியூஷு தீவு மண்ணிலிருந்து 1962-இல் யோஷினாகாவும் ஆவோமினேயும் இதை முதலில் விவரித்தார்கள். இவற்றோடு இரும்புப் பங்காளியாக ஃபெரிஹைட்ரைட் இருக்கும்.

நான்காவதாக ஹாலோய்சைட். இது படிகம், எக்ஸ்ரேயில் தெரியும். ஒரே சாம்பலிலிருந்து அலோஃபேன் வருமா ஹாலோய்சைட் வருமா என்பதை மண்நீரில் கரைந்திருக்கும் சிலிக்கான் தீர்மானிக்கிறது. லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அலோஃபேன், மேலே போனால் ஹாலோய்சைட். நியூசிலாந்தின் வட தீவில் ஆண்டு மழை ஏறத்தாழ 1500 மி.மீ.க்கு மேல் கொட்டி, வடிகாலும் நன்றாக இருக்கும் இடங்களில் சிலிக்கா அடித்துச் செல்லப்பட்டு அலோஃபேன் மிஞ்சுகிறது. மழை குறைந்த இடங்களிலும், கீழே நீர் தேங்கும் அடுக்குகளிலும் ஹாலோய்சைட் பெருகுகிறது. ஆகவே முறையைத் தேர்வதற்கு முன்பே மாதிரி எடுத்த இடத்தின் மழையளவும் வடிகாலும் பாதி விடையைச் சொல்லிவிடும்.

எரிமலைப் பாறை என்றாலே அலோஃபேன் என்றும் நினைக்க வேண்டாம். தக்காணத்துப் பசால்ட்டும் எரிமலைப் பாறைதான். ஆனால் அங்கே நீண்ட வறண்ட பருவம் சிலிக்காவையும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மண்ணிலேயே தங்கவிடுவதால் ஸ்மெக்டைட் என்ற படிகக் களி வந்துவிட்டது. அந்தக் கரிசலுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது, நேரே எக்ஸ்.ஆர்.டி.க்குப் போகலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

1. விடை எந்த வகை: இருக்கிறதா இல்லையா என்பதா, எத்தனை சதவீதம் என்பதா, இன்ன கனிமம் என்ற அடையாளமா?
2. எதை எதோடு குழப்பும்? எந்த முறையும் அலோஃபேனை மட்டும் பார்ப்பதில்லை.
3. சொல்லப்படாத செலவு என்ன? கருவி வாடகையைச் சொல்லவில்லை. அதற்குத் துணையாகச் செய்தே ஆகவேண்டிய இன்னொரு வேலையைச் சொல்கிறேன்.
4. மாதிரி காய்ந்துபோயிருந்தால் முறை தாங்குமா?

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், மாதிரி மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பிறகே நினைவு வருகிறது.

## சோடியம் ஃப்ளோரைடு: ஐந்து நிமிட விடை

ஃபீல்ட்ஸும் பெரோட்டும் 1966-இல் நியூசிலாந்தில் முன்வைத்த சோதனை. அலோஃபேனின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சிலை ஃப்ளோரைடு தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. தள்ளப்பட்ட ஹைட்ராக்சில் பி.எச். அளவை உயர்த்துகிறது. வயலில் செய்வதென்றால், ஃபினாஃப்தலீன் (காரத்தில் சிவக்கும் நிறங்காட்டி) தோய்த்துக் காயவைத்த வடிதாளில் மண்ணைக் கொஞ்சம் வைத்துத் தேய்த்து, ஒரு சொட்டு சோடியம் ஃப்ளோரைடு கரைசல் விட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் செந்நிறம் பரவினால் விடை ஆம். ஆய்வகத்தில் என்றால் 1 கிராம் மண், 50 மி.லி. 1 மோலார் கரைசல், கலக்கிவிட்டு 2 நிமிடத்தில் பி.எச். அளவு. 9.4 தாண்டினால் அலோஃபேன் வகைக் கனிமமோ, கரிமத்தோடு பிணைந்த அலுமினியமோ நிறைய இருக்கிறது.

1 மோலார் என்றால் லிட்டருக்கு 42 கிராம், ஏறக்குறைய முழுச் செறிவு. அடியில் கொஞ்சம் தங்கினால் பதற வேண்டாம். கரைசலைப் பிளாஸ்டிக் குப்பியில்தான் வைக்க வேண்டும், கண்ணாடியை அரிக்கும். உப்பு நச்சு, அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கிளம்பும், அது இன்னும் ஆபத்து. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சுண்ணாம்பு இருக்கும் மண் அலோஃபேன் இல்லாமலே இந்தச் சோதனையில் சிவக்கும், ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அமிலச் சோதனையை வேறொரு மண்துண்டில் செய்யுங்கள், ஃப்ளோரைடு விட்ட மண்ணில் ஒருபோதும் வேண்டாம்.

கரைசல் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்ய அலோஃபேன் உள்ள ஒப்பு மாதிரி ஒன்று தேவை. போன்சாய்க் கடைகளில் விற்கும் கானுமா மண் இதற்கு நன்றாக உதவும். ஜப்பானில் தோண்டியெடுக்கும் பழைய நுரைக்கல் அடுக்கு அது, அலோஃபேன் நிறைந்தது. அதில் சிவக்காவிட்டால் கோளாறு கரைசலில்தான்.

எப்போது இதுவே போதும்: நூறு மாதிரியில் எந்தப் பத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று சலிக்கும்போது, மண்வெட்டில் அடுக்கு எங்கே மாறுகிறது என்று குறிக்கும்போது. சதவீதம் கேட்டால் இதனிடம் விடை இல்லை.

## ஆக்சலேட்டும் பைரோபாஸ்பேட்டும்: சேர்த்தே வாங்க வேண்டிய ஜோடி

பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. அமில ஆக்சலேட், ஒழுங்கற்ற அலுமினியம், இரும்பு, சிலிக்கான் சேர்மங்களைக் கரைத்துவிட்டுப் படிகக் களிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கரைந்து வந்ததை அளந்து கணக்குப் போட்டால் சதவீதம் கிடைக்கும்.

செய்முறை சுருக்கமாக: லிட்டருக்கு அமோனியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் 16.2 கிராம், ஆக்சாலிக் அமில டைஹைட்ரேட் 10.9 கிராம். பி.எச். 3.0-க்குச் சரிசெய்யவும். 2 மி.மீ. சலித்த மண் 1 கிராமுக்குக் கரைசல் 100 மி.லி. அறை வெப்பநிலையில், இருட்டில், 4 மணி நேரம் ஷேக்கரில். பிறகு சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்த சாற்றை நீர்த்து ஐ.சி.பி.யில் (பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும் கருவி) அளக்கவும். 50 மி.லி. குழாய்கள்தான் கைவசம் என்றால் 0.4 கிராமுக்கு 40 மி.லி. எடுக்கலாம். ஆனால் அவ்வளவு சிறிய எடை மண்ணை ஒழுங்காகப் பிரதிபலிக்க, முதலில் நன்கு கலந்து பிரித்தெடுக்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள்:

வெளிச்சம். ஒளி பட்டால் ஆக்சலேட், கோதைட், ஹெமடைட் போன்ற படிக இரும்பு ஆக்சைடுகளையும் கரைக்கத் தொடங்கும். இரும்பு எண் எகிறும். குழாயைச் சுற்ற அலுமினியத் தாளைவிடக் கறுப்பு பாலிதீன் நல்லது. அளக்கப்போவதே அலுமினியம், தாள்துணுக்கு உள்ளே விழ வேண்டாம்.

மாக்னடைட். பசால்ட் சாம்பலில் இது நிறைய இருக்கும், இருட்டிலும் கரையும். ஆக்சலேட் இரும்பை 1.7-ஆல் பெருக்கினால் ஃபெரிஹைட்ரைட் என்பது வழக்கமான கணக்கு. மாக்னடைட் இருக்கும் மண்ணில் அந்தக் கணக்கு மிகையாகவே வரும். உலர்ந்த மண்ணில் காந்தம் வைத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் அடர்த்தியாக ஒட்டினால் இரும்பு எண்ணை நம்பாதீர்கள். மாவாக அரைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

தீப்பிழம்பு. ஐ.சி.பி. இல்லாமல் ஏ.ஏ.எஸ். (சுடரில் அணு உறிஞ்சலால் அளக்கும் கருவி) மட்டுமே உள்ள ஆய்வகம் என்றால், அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு–அசிட்டிலீன் சுடர் வேண்டும். காற்று–அசிட்டிலீன் சுடரில் இரும்பு மட்டுமே அளக்கலாம். மாதிரி அனுப்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஸ்டாண்டர்டுகளையும் அதே ஆக்சலேட் கரைசலில் தயாரிக்க வேண்டும், வெறும் நீரில் தயாரித்தால் ஒப்பீடு பொருந்தாது. உப்பு படிந்து பர்னர் அடைத்துக்கொள்வதும் உண்டு. பத்து மடங்கு நீர்த்தால் தொல்லை குறையும்.

ஈரம். காற்றில் உலர்ந்தது போலத் தெரியும் அலோஃபேன் மண் 10 சதவீதத்துக்கு மேலும் நீரைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி, அந்த எடைக்கு மாற்றிச் சொல்லாவிட்டால் எல்லா எண்ணும் அதே அளவுக்குக் குறைந்து நிற்கும்.

இப்போது ஜோடியின் மறுபாதி. மேல்மண்ணில் அலுமினியத்தின் ஒரு பங்கு மட்கோடு பிணைந்திருக்கும். ஆக்சலேட் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். அந்தப் பங்கைத் தனியே பிரிக்க 0.1 மோலார் சோடியம் பைரோபாஸ்பேட் (லிட்டருக்கு டெகாஹைட்ரேட் 44.6 கிராம்), பி.எச். 10, அதே 1:100 விகிதம், 16 மணி நேரம். ஆக்சலேட் மட்டும் போதும் என்று செலவை மிச்சம் பிடிப்பவர்களுக்கு விடை எப்படித் தவறுகிறது என்று ஒரு கற்பனை எண்ணில் பார்ப்போம்.

ஆக்சலேட் அலுமினியம் 4.2 சதவீதம், பைரோபாஸ்பேட் அலுமினியம் 0.6, ஆக்சலேட் சிலிக்கான் 1.8 என்று கொள்வோம். கழித்தால் 3.6. அணு எடையால் வகுத்து (27, 28.1) அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் உள்ள மோல் விகிதம் கண்டால் 2.08. பார்ஃபிட்டும் வில்சனும் தந்த பெருக்கெண்கள்: விகிதம் 1 என்றால் 5, 1.5-க்கு 6, 2-க்கு 7, 2.5-க்கு 10, 3-க்கு 12. இடைப்பட்ட எண் 7.5 வருகிறது. சிலிக்கானோடு பெருக்கினால் அலோஃபேன் 13.5 சதவீதம். பைரோபாஸ்பேட்டைக் கழிக்காமல் விட்டால் விகிதம் 2.43, பெருக்கெண் 9.6, விடை 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. மட்கு மிகுந்த மேல்மண்ணில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். மட்கு குறைந்த அடிமண்ணில் ஏறக்குறைய மறைந்துவிடும். அடிமண் மட்டுமே அளக்கிறவர் பைரோபாஸ்பேட்டைத் துணிந்து விடலாம்.

இதே எண்களுக்கு மிசோட்டா–வான் ரீயுவிக் சூத்திரம் (100 × சிலிக்கான் ÷ (23.4 − 5.1 × விகிதம்)) 14.1 தருகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் எதை எடுத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்கு மதிப்பு இல்லை. இமோகோலைட்டும் இதே கணக்கில் சேர்ந்தே வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

பைரோபாஸ்பேட்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிக நுண்ணிய துகள்களைக் கலைத்து மிதக்கவிடும்; சாறு தெளிவாகத் தெரிந்தாலும் உள்ளே கனிமம் மிதந்துகொண்டிருக்கும். அதிவேக சென்ட்ரிஃபியூஜ், அல்லது சூப்பர்ஃப்ளாக் போன்ற திரட்டி, அல்லது நுண்வடிகட்டி இல்லாமல் அளந்தால் எண் பொய் சொல்லும். கிப்சைட் (அலுமினிய ஹைட்ராக்சைடு) உள்ள மண்ணில் அதையும் கொஞ்சம் கரைக்கும்.

## எக்ஸ்.ஆர்.டி.: ஹாலோய்சைட்டுக்கு ராஜா, அலோஃபேனுக்கு அல்ல

அலோஃபேன் எக்ஸ்ரே படத்தில் இரண்டு தட்டையான மேடுகளாக மட்டும் தெரியும், 3.3 ஆங்ஸ்ட்ராம் அருகில் ஒன்று, 2.25 அருகில் ஒன்று. தாமிர இலக்குள்ள எக்ஸ்ரே குழாயில் சுமார் 27 டிகிரியிலும் 40 டிகிரியிலும். எரிமலைக் கண்ணாடியும் இதே பகுதியில், கொஞ்சம் கீழே, இன்னொரு மேட்டை எழுப்பும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது கண்ணால் பிரிக்க முடியாது.

இங்கேதான் காசு வீணாகிறது. ஒப்பீட்டுப் படிகமாக 10 முதல் 20 சதவீதம் கொரண்டம் கலந்து, ரீட்வெல்ட் முறையில் (முழு எக்ஸ்ரே படத்தையும் கணக்கால் பொருத்தும் முறை) படிகமற்ற பங்கைக் கணக்கிடலாம் என்று சொல்வார்கள். கணக்கிடலாம்தான். ஆனால் வருகிற எண் அலோஃபேன், கண்ணாடி, ஃபெரிஹைட்ரைட், மட்கு எல்லாம் சேர்ந்த மொத்தம். இளம் சாம்பல் மண்ணில் அதில் பெரும்பங்கு வெறும் கண்ணாடியாகவே இருக்கும். ரீட்வெல்ட் எண்ணிலிருந்து ஆக்சலேட் எண்ணைக் கழித்துக் கண்ணாடியை மதிப்பிடுவது நல்ல உத்தி. ஆக்சலேட்டுக்குப் பதிலாக ரீட்வெல்ட் என்பது உத்தியே அல்ல.

ஹாலோய்சைட் கதை வேறு. நீர் ஏறிய நிலையில் 10 ஆங்ஸ்ட்ராமில் (சுமார் 8.8 டிகிரி) முனை காட்டும், காய்ந்ததும் 7.2–7.4-க்குச் சரிந்துவிடும், திரும்ப ஏறாது. காய்ந்த ஹாலோய்சைட்டைக் கயோலினைட்டிலிருந்து பிரிக்க ஃபார்மமைடு தெளிக்கவும். ஒரு மணி நேரத்துக்குள் 10.4-க்கு விரிந்தால் ஹாலோய்சைட். கயோலினைட் அந்த நேரத்தில் அசையாது. ஒரு மணிக்குள் அளந்தே ஆகவேண்டும், நேரம் கடந்தால் வேறுபாடு மங்கும். ஈரமாகவே வைத்து அளக்கும்போது 10 ஆங்ஸ்ட்ராமில் வருவது மைக்காவாகவும் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், 110 டிகிரியில் சூடாக்கிப் பாருங்கள்: மைக்கா நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரும்பு மிகுந்த மண்ணைத் தாமிரக் குழாயில் வைத்தால் பின்புலம் ஏறி மேடுகளை விழுங்கும். மோனோகுரோமேட்டர் அல்லது கோபால்ட் குழாய் கேளுங்கள்.

நியூசிலாந்தின் டௌரங்கா பகுதியில் சரிவுகள் வழுக்குவதை ஆராய்கிறவர்களுக்கு எக்ஸ்.ஆர்.டி. முதல் தேர்வு. அங்கே 1979-இல் ஓமோகோரோவாவில் நடந்த நிலச்சரிவின் மண்ணில் குற்றவாளி ஹாலோய்சைட்தான்.

## அகச்சிவப்பும் வெப்பப் பகுப்பாய்வும்

அலுமினியம் மிகுந்த அலோஃபேன் 975 அலைஎண்ணில் (செ.மீ.⁻¹) ஒற்றை மேடு காட்டும். இமோகோலைட் 995, 940 என இரட்டையாகக் காட்டும். இரண்டுக்கும் பொதுவான 348 முனை அளவிடவே பயன்படும் முனை. ஆனால் சாதாரண எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவிகள் 400 அருகில் நின்றுவிடும். அந்த முனை வேண்டுமென்றால் சீசியம் அயோடைடு ஒளியியல் உள்ள கருவி தேவை, கேட்காமல் மாதிரி அனுப்பினால் ஏமாற்றம்தான். கார்பன் மிகுந்த மேல்மண்ணில் கரிம முனைகள் மறைக்கும். களிப்பங்கைப் பிரித்து அளப்பது நல்லது.

வெப்பப் பகுப்பாய்வில் இமோகோலைட் 390–420 டிகிரியில் தனிக்குழி காட்டும், கிப்சைட் 300-க்கு அருகே. கிப்சைட் சந்தேகம் இருந்தால் மட்டும் செய்யலாம்.

## எலக்ட்ரான் நுண்ணோக்கி

உருண்டையைக் கண்ணால் காட்ட, குழலைக் கண்ணால் காட்ட. சதவீதம் கேட்க வேண்டாம். கற்றையின் சூட்டில் அலோஃபேன் சிதையும், ஆபரேட்டர் குறைந்த அளவு மின்னோட்டத்தில் வேகமாகப் படம் எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| முறை | தரும் விடை | குழப்புவது | மறைந்த செலவு | காய்ந்த மாதிரி |
|---|---|---|---|---|
| சோடியம் ஃப்ளோரைடு | ஆம் / இல்லை | சுண்ணாம்பு, மட்கு–அலுமினியம் | நச்சுக் கழிவை அகற்றுதல் | தாங்கும் |
| ஆக்சலேட் + பைரோபாஸ்பேட் | சதவீதம் | மாக்னடைட், கிப்சைட் | இரண்டு கரைப்பு, நைட்ரஸ் ஆக்சைடு சுடர் அல்லது ஐ.சி.பி. | தாங்கும் |
| எக்ஸ்.ஆர்.டி. | படிகங்களின் அடையாளம் | கண்ணாடியும் அலோஃபேனும் | களிப்பங்கு பிரித்தல், ஃபார்மமைடு | ஹாலோய்சைட்டுக்குத் தாங்காது |
| அகச்சிவப்பு | அலோஃபேனா இமோகோலைட்டா | கரிமம் | 400-க்குக் கீழ் அளக்கும் கருவி | தாங்கும் |
| நுண்ணோக்கி | வடிவம் | மிகச் சிறிய மாதிரியின் பிரதிநிதித்துவம் | தேர்ந்த ஆபரேட்டர் | பெரும்பாலும் தாங்கும் |

## எந்தச் சூழலுக்கு எது

மண்ணை ஆண்டிசால் (எரிமலைச் சாம்பல் மண்ணுக்கே உரிய குணங்களால் வரையறுக்கப்படும் மண்வகை) என்று வகைப்படுத்த வேண்டுமா? அப்போது அலோஃபேன் சதவீதமே தேவையில்லை. ஆக்சலேட் அலுமினியமும் இரும்பில் பாதியும் கூட்டினால் 2.0 சதவீதம் அல்லது அதற்கு மேல், பாஸ்பேட் பிடிப்பு (கரைசலிலிருந்து மண் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட்டின் பங்கு) 85 சதவீதம் அல்லது அதற்கு மேல், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.90 கிராம் அல்லது குறைவு. கண்ணாடி மிகுந்த இளம் சாம்பலுக்கு வேறு தளர்ந்த விதி உண்டு. இதற்கு ஆக்சலேட்டோடு பாஸ்பேட் பிடிப்பு அளவு (5 கிராம் மண், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள 25 மி.லி. கரைசல், ஒருநாள் ஷேக்கர்) போதும்.

உரப் பரிந்துரைக்கு என்றால் பாஸ்பேட் பிடிப்பு ஒன்றே பயனுள்ள எண். பிடித்துவைப்பது அலோஃபேனா, ஃபெரிஹைட்ரைட்டா என்பது பயிருக்கு அக்கறையில்லை.

நீலகிரிதான் சிக்கலான இடம். உதகை வட்டாரத்தில் 2000 மீட்டருக்கு மேலே உள்ள கறுத்த மண்ணுக்கு எரிமலையோடு தொடர்பு கிடையாது. சார்னோகைட் பாறையில் நெடுங்காலம் சிதைந்து எஞ்சிய மண் அது. ஆயினும் அங்கே அலோஃபேன் இல்லாத ஆண்டிசால் மண் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு விவரித்தது. கிப்சைட்டிலிருந்தும் இரும்பு ஆக்சைடுகளிலிருந்தும் வந்த அலுமினியமும் இரும்பும் மட்கோடு பிணைந்து, எரிமலை மண்ணின் குணங்களை எல்லாம் காட்டுகின்றன. அந்த மண்ணில் சோடியம் ஃப்ளோரைடு விட்டால் சிவக்கும். ஆக்சலேட் அலுமினியம் உயர்ந்தே வரும். இங்கே ஏமாறாமல் காப்பது சிலிக்கானும் பைரோபாஸ்பேட்டும். ஆக்சலேட் சிலிக்கான் 0.6 சதவீதத்துக்குக் கீழும், பைரோபாஸ்பேட் அலுமினியம் ஆக்சலேட் அலுமினியத்தில் பாதிக்கு மேலும் வந்தால் அலோஃபேன் அல்ல, மட்கு–அலுமினியம். சிலிக்கானை அளக்காமல் செலவைச் சுருக்கியவர் நீலகிரியில் அலோஃபேனைக் ‘கண்டுபிடித்து’விடுவார். கிப்சைட் பைரோபாஸ்பேட்டிலும் கொஞ்சம் கரையுமென்பதால், இந்த மண்ணுக்கு வெப்பப் பகுப்பாய்வுச் செலவும் நியாயமானதே.

## மாதிரியை எடுக்கும் நாளிலேயே

எந்த முறையைத் தேர்ந்தாலும் மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கைக் காற்றில் உலர்த்தி 2 மி.மீ. சலிக்கலாம், ஆக்சலேட்டுக்கும் பாஸ்பேட் பிடிப்புக்கும் அதுவே வழக்கம். மறு பங்கை உலரவிடாமல் இரட்டைப் பையில் கட்டிக் குளிரில் வையுங்கள், ஹாலோய்சைட் முனையும் அடர்த்தியும் 15 பார் அழுத்தத்திலும் மண் பிடித்து வைக்கும் நீரின் அளவும் அதில்தான் அளக்க வேண்டும். அலோஃபேன் மண் ஒருமுறை காய்ந்தால் நீரைப் பழையபடி பிடிக்காது, களி மறுபடி பிரிந்தும் வராது.

அதே காரணத்தால் ஹைட்ரோமீட்டர் தரும் களிச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம். சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட்டில் அலோஃபேன் திரள்கள் கலைவதில்லை. கையில் பிசைந்தால் வழவழவென்றிருக்கும் மண் அறிக்கையில் மணற்சாரியாக வரும். களிப்பங்கு கட்டாயம் வேண்டுமென்றால் உலராத மண்ணை மீயொலியில் குலுக்கி, பி.எச். 4-க்கு அமிலமாக்கி மிதக்கவிட்டுப் பாருங்கள். இமோகோலைட் அமிலத்தில் மட்டுமே கலையும். பி.எச். 10-இல் கலையும் மண்ணும் உண்டு, ஆகவே சிறு பங்கில் இரண்டையும் செய்து எது கலங்கலாக நிற்கிறதோ அதைத் தேர்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.